ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதலில் எதைத் தீத்துவது: சோறா, மாவா, மீனா?

"பிள்ளைக்கு ஆறு மாதம் முடியப் போகுது அக்கா. அம்மம்மா அரிசிக் கஞ்சி எண்டுறா. மாமி குரக்கன் மா எண்டுறா. இவர் பார்மசியில ஒரு பெட்டி மா வாங்கி வந்து மேசையில வச்சிருக்கிறார். நான் எதில தொடங்க?"

திருகோணமலைப் பக்கம் உவர்மலையில் இருந்தும் பாலையூற்றில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் வரும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இதற்குத்தான் வந்து நிற்கின்றன. கேட்கிற எல்லோருக்கும் முதல் கவளம் பற்றித்தான் கவலை. என்னைக் கேட்டால், முதல் நாள் சோறு கொடுத்தாலும் ஒன்றுதான், பூசணிக்காய் கொடுத்தாலும் ஒன்றுதான். தொடங்கி ஒரு மாதம் ஆகும்போது பிள்ளையின் கிண்ணத்தில் என்னென்ன வந்து சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல வீடுகளில் அந்த ஒரு மாதமும் கஞ்சியிலேயே போய்விடுகிறது.

ஆறு மாதம் என்றால் 180 நாள் முடிந்து. அதுவரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. தொடங்கும்போது பிள்ளைக்குத் தலை நிற்க வேண்டும், பிடித்தபடி உட்கார வைத்தால் உட்கார வேண்டும், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளக் கூடாது. சாப்பாடு தொடங்கியது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

## எதை வைத்து அளப்பது

இரும்புச் சத்து. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிள்ளை பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறு மாதமளவில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஏழு மாதம் முதல் ஒரு வயதுவரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. வளர்ந்த ஆணுக்கு அதே பரிந்துரையில் 8 மில்லிகிராம்தான். மடியில் கிடக்கிற பிள்ளைக்குத் தகப்பனைவிடக் கூடத் தேவை!

சாப்பாட்டின் தடிப்பு. 7 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு நேரத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலீட்டர்தான் கொள்ளும். தண்ணீராக ஓடும் கஞ்சியில் தாய்ப்பாலில் உள்ள அளவு சக்திகூட இருக்காது. அதை வயிறு நிறையக் கொடுத்தால் பிள்ளை பாலைக் குறைத்துக்கொள்ளும், நிறையும் ஏறாது. கரண்டியைச் சரித்துப் பாருங்கள். உடனே வழிந்து விழுந்தால் தண்ணி கூடிவிட்டது. கொஞ்சம் ஒட்டி நின்று மெதுவாக விழ வேண்டும்.

காசும் நேரமும். விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். காஸ், மில்லுக்குப் போகிற நேரம், முள் எடுக்கிற நேரம், மிஞ்சி ஊற்றுவது, இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழுதாகும் வேகம். நம்முடைய வெயிலுக்கு இது முக்கியம். சமைத்ததை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வாமை, புரைக்கேறல் இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| தெரிவு | இரும்பு | சக்தி | செலவு | கண்ணுக்குத் தெரியாத சிக்கல் |
|---|---|---|---|---|
| சோறும் பருப்பும் | சோற்றில் மிகக் குறைவு, பருப்பில் ஓரளவு | தடிப்பாக மசித்தால் நல்லது | மிகக் குறைவு | கஞ்சியாகவே நின்றுவிடுவது |
| வீட்டில் திரித்த மா | ஓரளவு, உடம்பில் சேர்வது குறைவு | நல்லது | குறைவு, வேலை கூட | பூஞ்சணம், பல தானியக் கலவை |
| பெட்டி மா | சேர்த்திருக்கிறார்கள், நல்லது | நல்லது | அதிகம் | சீனி, ஒரே இனிப்புச் சுவை |
| மீன், முட்டை | குறைவு முதல் நடுத்தரம், நன்றாகச் சேரும் | நல்லது | பருவத்தைப் பொறுத்தது | முள், பழைய மீன் |
| ஈரல் | மிக அதிகம் | நல்லது | குறைவு | விற்றமின் ஏ கூடிவிடலாம் |
| பழம், கிழங்கு, மரக்கறி | குறைவு | கிழங்கில் நல்லது | குறைவு | இதிலேயே வயிறு நிறைவது |

## சோறும் பருப்பும்

தொடங்க மிக எளிது. அரிசி வீட்டில் இருக்கிறது, ஒவ்வாமை அரிது, அம்மம்மாவுக்கும் மறுப்பில்லை. தம்பலகாமத்தில் வயல் உள்ள வீடு என்றால் செலவே இல்லை. குழைய வேகவைத்த சோற்றை முதலில் தாய்ப்பால் கொஞ்சம் விட்டு மசித்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம். மூன்று நான்கு நாளில் மைசூர்ப் பருப்பு, அதன் பின்னால் கரட், பூசணி, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

ஆனால் வெள்ளைச் சோறு 100 கிராமில் இரும்பு கால் மில்லிகிராம்கூடத் தேறாது. "பிள்ளை நல்லாச் சாப்பிடுறான்" என்று சந்தோஷப்படும் பல வீடுகளில் பிள்ளை சாப்பிடுவது வெறும் மாச்சத்து. பருப்பு சேர்ந்தால் நிலைமை மாறும். பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர விற்றமின் சி கைகொடுக்கும். ஆறிய பருப்புச் சோற்றில் நாலு துளி தேசிப்புளி விடலாம், அல்லது சாப்பாட்டோடு ஒரு துண்டு பப்பாசியோ கனிந்த கொய்யாவோ கொட்டை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். தேத்தண்ணி இதற்கு நேர் எதிரி, இரும்பைச் சேரவிடாது. ரஸ்க்கைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

சக்தி கூட வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பாலோ நெய்யோ சேர்த்தால் போதும். உப்பு, சீனி ஒரு வயதுவரை தேவையே இல்லை. நமக்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்குச் சப்பென்று இருக்காது.

## வீட்டில் திரித்த மா

குரக்கனில் கல்சியம் நிறைய. 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம், அரிசியில் அதற்குக் கிட்டவும் இல்லை. பயறு, உளுந்து சேர்ந்தால் புரதமும் வரும். ஆனால் இந்தத் தானியங்களில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளும் இருக்கிறது. ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்துத் திரித்தால் அது குறையும். அப்படியே கழுவி மில்லுக்குக் கொடுத்த மாவுக்கும் முளைகட்டிய மாவுக்கும் வித்தியாசம் உண்டு. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே? அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும்.

"பத்துப் பன்னிரண்டு தானியம் போட்டது" என்று பெருமையாகச் சொல்லும் சத்துமா எனக்குப் பிடிப்பதில்லை. அதில் சோயாவும் கச்சானும் கஜுவும் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளைக்குத் தோலில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதத்துக்குக் குரக்கன் தனி, பயறு தனி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒத்துப்போன பிறகு கலக்கலாம்.

அடுத்தது பூஞ்சணம். மாரி காலத்தில் மா ஒரு வாரத்தில் ஈரம் பிடித்துவிடும். சோளத்திலும் கச்சானிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலோ காய்ச்சினாலோ அது முழுதாகப் போகாது. 2022இல் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா (கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா) தடைப்பட்டதும் சோளத்தில் இருந்த இந்த நச்சால்தான். ஆகவே கொஞ்சமாகத் திரித்து, காற்றுப் புகாத போத்தலில் வைத்து, வாசம் மாறினால் யோசிக்காமல் கொட்டுங்கள். கிளினிக்கில் நிறை குறைந்த பிள்ளைக்கென்று திரிபோஷா தந்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும். வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்தால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

## பெட்டி மா

இதைப் பாவம் மாதிரிப் பேசுகிறவர்களும் உண்டு, இதுதான் சத்து என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. இரும்பு சேர்த்த பெட்டி மா இரும்பு விஷயத்தில் வெறும் கஞ்சியை வென்றுவிடும், அதை மறைக்கத் தேவையில்லை. பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் நாள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாள், காஸ் முடிந்த நாள் எல்லாம் உண்டுதானே.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். சீனி, சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப், தேன் எல்லாம் ஒரே குடும்பம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவில் சீனி சேர்க்கவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஏழை, நடுத்தர நாடுகளில் விற்கப்படும் நெஸ்லே குழந்தை உணவுகள் பலவற்றில் சேர்த்த சீனி இருப்பதாகவும், சுவிட்சர்லாந்தில் அந்த நிறுவனம் விற்கும் அதே வகை மாவில் அது இல்லை என்றும் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024இல் அறிக்கை வெளியிட்டது. எந்த நிறுவனப் பெட்டியாக இருந்தாலும் எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பெட்டியின் விலையைவிடப் பழக்கத்தின் விலை பெரிது. ஒரே இனிப்பு, ஒரே பசைப் பதம் இரண்டு மாதம் போனால் பிள்ளை முருங்கையிலைச் சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பும். அப்புறம் கட்டி கட்டியாக மசித்ததை மெல்லப் பழக்குவது பெரிய பாடு. வாரத்தில் ஓரிரு நேரம் என்றால் பரவாயில்லை, தினமும் மூன்று வேளைக்கு வேண்டாம்.

## மீனும் முட்டையும் ஈரலும்

திருகோணமலையில் இருந்துகொண்டு மீனை ஒரு வயதுவரை தள்ளிவைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். விடியக் காலையில் திருக்கடலூரில் வள்ளம் கரைக்கு வருகிறது. கொழும்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பச்சை மீன். அதை விட்டுவிட்டு டின் வாங்குகிறோம்.

முதலில் ஒரு உண்மை: வெள்ளைச் சதை மீனில் இரும்பு அதிகம் இல்லை. ஆனால் அதே கிண்ணத்தில் இருக்கும் பருப்பின் இரும்பையும் கீரையின் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள மீன் உதவும். கூடவே நல்ல புரதம், விற்றமின் பி12, மூளைக்கு வேண்டிய கொழுப்பு. அதனால்தான் "மீனா, பருப்பா" என்று கேட்டால் இரண்டும் ஒரே கிண்ணத்தில் என்று சொல்வேன்.

எந்த மீன்? பாரை, விளைமீன் தொடங்க நல்லது. முள் பெரிது, கையில் தட்டுப்படும். பச்சை நெத்தலியும் நல்லது. அவித்து, தலையைப் பிடித்து வால் பக்கமாக மெதுவாக இழுத்தால் நடுமுள் தலையோடு சேர்ந்து வந்துவிடும். சூடையில் பொடிமுள் அதிகம், அவசரக்காரருக்கு அது வேண்டாம். சுறா, தளபத்து போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றைச் சின்னப் பிள்ளைக்குத் தவிர்க்க வேண்டும். பால் ஊறும் என்று தாய்க்குச் சுறா சமைக்கிற வழக்கத்தையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

முள் எடுக்க வெள்ளைத் தட்டு நல்லது. அவித்த மீனைத் தோல் நீக்கித் தட்டில் பரப்பி, கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு சதைப் பிசிறையும் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் விரலில் குத்தும். ஒரு முறை முடிந்ததும் இன்னொரு முறை. பிளெண்டரை நம்ப வேண்டாம், அது முள்ளை எடுக்காது, துண்டாக்கி உள்ளே ஒளித்து வைக்கும்.

"மீன் கிரந்தி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்பளம் போடும்" என்பா அம்மம்மா. அதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். சூரை, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். அது சமைத்தாலும் அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். பெரியவர்களுக்கே வரும். அம்மம்மா கண்ட கொப்பளங்களில் ஒரு பங்கு இந்தப் பழைய மீனால் வந்ததாக இருக்கலாம். மீன் புதிதா என்று பாருங்கள்: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, சதை அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு சைக்கிளில் வரும் மீனைப் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம்.

இந்த வழிக்கு மாரியில் இடைஞ்சல் வரும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, மீன் விலை ஏறும், கிடைப்பதும் பெரும்பாலும் ஐஸ் மீன். அந்த நாட்களுக்கு முட்டை. நன்றாக அவித்த முட்டையைச் சோற்றோடு மசிக்கலாம். மஞ்சள் கரு மட்டும், வெள்ளை ஒரு வயதுக்குப் பிறகு என்பது பழைய அறிவுரை. ஆறு மாதத்துக்குப் பிறகு முழு முட்டையும் கொடுக்கலாம், தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. கச்சானிலும் இதே கதைதான்: ஒவ்வாமை வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கொடுத்தபோது கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழ 80 வீதம் குறைந்ததை 2015இல் வெளியான லீப் ஆய்வு காட்டியது. ஆனால் கச்சானை முழுதாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது, புரைக்கேறி மூச்சு அடைக்கும். வறுத்து, மையாக அரைத்து, கஞ்சியில் கரைத்து ஒரு நுனிக்கரண்டி. கடும் எக்சிமா (தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளை என்றால் முட்டை, கச்சான் இரண்டுக்கும் முன்னால் டொக்டரைக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் புது உணவைக் காலையில் கொடுப்பது நல்லது. தடிப்போ வாந்தியோ வந்தால் பகலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது சுலபம்.

இரும்பில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது கோழி ஈரல். சமைத்த 100 கிராமில் ஏறத்தாழ 11 மில்லிகிராம். விலையும் இறைச்சியைவிடக் குறைவு. நன்றாக அவித்தால் கையாலேயே மசியும், முள் பயம் இல்லை. விற்றமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்தில் ஒரு நாள் ஒரு மேசைக்கரண்டி போதும்.

## பழம், கிழங்கு, மரக்கறி

வாழைப்பழம், பப்பாசி, வற்றாளங்கிழங்கு, பூசணி எல்லாம் நல்லதுதான். பூசணியும் வற்றாளையும் இனிப்பு என்பதால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். "வாழைப்பழம் குளிர், சளி பிடிக்கும்" என்பதற்கு ஆதாரம் இல்லை. பழத்தைச் சாறாகப் பிழிந்து போத்தலில் கொடுக்க வேண்டாம். பச்சைக் கரட் துண்டு, முழுத் திராட்சை, ரம்புட்டான் மூன்றும் தொண்டையில் சிக்கும்.

## யாருக்கு எது

அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டா, பிள்ளை அம்மம்மாவோடு. காலையில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி ஒன்றாக அவித்து வையுங்கள். மீன் முள் எடுக்கிற வேலையைப் பார்வை மங்கிய அம்மம்மாவின் தலையில் போட வேண்டாம். பகலுக்கு முட்டை, நீங்கள் வந்த பிறகு இரவுக்கு மீன். ஒரு பெட்டி மா அலமாரியில் இருக்கட்டும்.

சைவ வீடு. பருப்பு, பயறு, கச்சான் மூன்றும் தினம் ஏதோ ஒரு வடிவில் வர வேண்டும், தேசிப்புளியோ பழமோ கூடவே. முட்டை சேர்க்கும் வீடு என்றால் பாதி வேலை முடிந்தது. தாயே மீன், முட்டை தொடாதவர் என்றால் பி12 பற்றிக் கிளினிக்கில் கேட்க வேண்டும். இரும்பு சேர்த்த மா இந்த வீட்டுக்குத்தான் உண்மையில் பொருந்தும்.

கையில் காசு குறைவு. சோறு, பருப்பு, முருங்கையிலை, நெத்தலி, வாரத்தில் ஒரு துண்டு ஈரல். பெட்டி மாவைவிட இது மலிவு, பிள்ளைக்கும் இதுதான் கூட நல்லது. நெத்தலிக் கருவாடு என்றால் நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, கொஞ்சமாக மட்டும் போடுங்கள். உப்பு முழுதாகப் போகாது.

நிறை ஏறாத பிள்ளை. வளர்ச்சிப் புத்தகத்தில் கோடு படுத்துக்கொண்டால் மாவை மாற்றிப் பார்ப்பதில் நாளைக் கடத்தாமல் கிளினிக் மிஸ்ஸிடம் காட்டுங்கள். அங்கே நுண்போசணைத் தூள் (இரும்பும் விற்றமின்களும் கலந்த தூள்) பைக்கெட் தந்தால் சமைத்து ஆறிய சாப்பாட்டில், பிள்ளை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும் அளவில் மட்டும் கலக்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் போடக் கூடாது.

சோறு தீத்தும் சடங்கு. கோணேசர் கோயிலிலோ பத்திரகாளி அம்மன் கோயிலிலோ நாள் பார்த்து வைத்திருந்தால் வையுங்கள். நாவில் ஒரு பருக்கை பொங்கல் பட்டால் ஒன்றும் ஆகாது. தேன் மட்டும் தொட்டு வைக்க விடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேனால் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம், அதற்கு ஒரு துளிகூடப் போதும். பெரியவர்கள் மனம் நோகாமல், "கிளினிக்கில வேண்டாம் எண்டு சொன்னவை" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் வராது.

அளவு: ஆறு முதல் எட்டு மாதம்வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நேரம், கரண்டிக் கணக்கில் தொடங்கி அரைக் கோப்பைவரை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு நேரம், இடையில் ஒரு பழமோ அவித்த கிழங்கோ. எட்டு ஒன்பது மாதத்தில் மசிப்பதைக் குறைத்து, கையால் எடுத்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டுகளாக, மீன் பிசிறு, இடியப்பத் துண்டு, அவித்த கரட் என்று மாற்றுங்கள். பாதி நிலத்தில் விழும். அதற்குப் பழைய சாரம் ஒன்றை விரித்துவிட்டு உட்காருங்கள்.